மறைவான பாவம்னா வாலிபப் பசங்க போன் மட்டும்தானா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம், ஸ்தோத்திரம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பத்திரிகைல லெந்து நாளுக்காக (ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்பு) ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீங்க, அதுல இருதயத்தைக் காத்துக்கொள்றது பத்தி ஒரு கட்டுரை. நல்லா இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் வாலிபப் பசங்க, அவங்க போன், ராத்திரி அவங்க பாக்குற வீடியோ, பொம்பளைப் பிள்ளைங்க போடுற டிரெஸ், இது மட்டும்தான். எனக்கு வயசு 66 ஆகுது. வருஷா வருஷம் இதே பிரசங்கத்தை நாப்பது வருஷமா கேட்டுட்டேன், அப்போ போன் இருக்கிற எடத்துல சினிமா தியேட்டர் இருந்துச்சு, வேற ஒண்ணும் மாறல. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு முன்வரிசை பெஞ்சுல உக்காந்திருக்கிற எங்கள மாதிரி கமிட்டி மெம்பர்களுக்கு இருதயமே கிடையாதா, இல்ல எங்க இருதயத்துக்கு காவலே தேவைப்படாதா? அதான் எழுத உக்காந்தேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் திருநெல்வேலி பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன். ஸ்கூல்ல கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவன், சபைல 14 வருஷம் பொருளாளர். எங்க ஊர்ப்பக்கம் அசனப் பண்டிகைன்னு ஒண்ணு உண்டு, தெரியாதவங்களுக்காக சொல்றேன், வருஷத்துக்கு ஒரு நாள் கோயில் வளாகத்துல பெரிய பெரிய கொப்பரைல சோறாக்கி கறிக்கொழம்பு வச்சு, ஊரே பந்தில உக்காந்து சாப்பிடுற நாள். (நாங்க சர்ச்சை கோயில்னுதான் சொல்வோம், பாஸ்டரை ஐயர்னு சொல்வோம், வெளியூர்க்காரங்க கேட்டா சிரிப்பாங்க.) அதுக்கு ஆறேழு மாசம் முன்னாலயே வீடு வீடா பணம் பிரிக்க ஆரம்பிச்சிருவோம். கூலி வேலைக்கு போறவங்க கூட நூறு ரூபாய் தருவாங்க, வெளிநாட்டுல இருக்கிறவங்க ஆயிரக்கணக்குல அனுப்புவாங்க, எல்லாம் பொருளாளர் கைக்குத்தான் வரும்.

2009 ஜூலைல என் மகளுக்கு இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட கடைசி நாள். பி.எஃப். லோன் கேட்டிருந்தேன், வரல. மச்சான்கிட்ட கேக்கலாம்னா ஏற்கனவே வாங்கினதே பாக்கி. சனிக்கிழமை வசூலான அசனப் பணம் வீட்டு பீரோவுல இருந்துச்சு, திங்கக்கிழமை பேங்க்ல போடணும். அதுல 18,000 எடுத்தேன். எடுக்கும்போது திருடுறோம்னு எனக்கு தோணவே இல்ல, சத்தியமா சொல்றேன், கடன்னுதான் தோணுச்சு, கர்த்தர் வழி திறந்தாருன்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு, அதை இப்ப நினைச்சாலும் உடம்பு கூசுது. நோட்டுல முழுத் தொகையும் எழுதினேன், பேங்க்ல குறைச்சு போட்டேன். அசனத்துக்கு முன்னால 6,000, 6,000, 6,000-னு மூணு தவணையா திருப்பி போட்டுட்டேன். ஆடிட்டர் வந்து பாத்து கையெழுத்து போட்டுட்டு காப்பி குடிச்சிட்டு போனாரு. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, 11 வருஷம்.

நஷ்டம் யாருக்குன்னு இப்ப சொல்றேன். 2012-ல ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துல (காணிக்கையா வர்ற பொருளை ஏலம் போடுவோம்) எங்க உபதேசியார், அதாவது ஐயருக்கு உதவியா சபைல ஊழியம் பாக்குறவரு, வசூல் பண்ணின கணக்குல 60 ரூபாய் குறைஞ்சது. ஐயாயிரமோ ஆறாயிரமோ இல்ல, 60 ரூபாய். யாரோ ஒருத்தர் வாழைத்தாரை ஏலத்துல எடுத்துட்டு அப்புறம் தரேன்னு தூக்கிட்டு போயிட்டாரு, அதுதான் விஷயம். நான் விடல. கமிட்டி கூட்டத்துல எல்லார் முன்னாலயும் அவரை நிக்கவச்சு, "இது தேவனுடைய பணம் உபதேசியாரே, இதுல சின்னது பெருசுன்னு கிடையாது"ன்னு சொல்லி விளக்கக் கடிதம் எழுத வச்சேன். என்னை விட பத்து வயசு மூத்தவரு. கண்ணாடியைக் கழட்டி துடைச்சு துடைச்சு எழுதினாரு. கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தா ரெண்டு மூணு பேரு என் கையப் பிடிச்சு, உங்களை மாதிரி கறாரா ஒரு ஆள் இருந்தாத்தான் சபை உருப்படும்னாங்க. எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு.

தாவீது ராஜா கதையை சின்ன வயசுல இருந்து கேட்டிருப்போம். பத்சேபாளைச் சேந்தது, அவ புருஷன் உரியாவைப் போர்ல முன்னால நிறுத்தி கொன்னது, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு பணக்காரன் ஏழையோட ஒரே ஆட்டுக்குட்டியை அடிச்சு விருந்து வச்ச கதையை சொன்னதும் தாவீதுக்கு கோபம் வந்துச்சு பாருங்க, அந்தக் கோபத்தைப் பத்தி யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்ல. அந்த மனுஷன் சாகணும், ஒண்ணுக்கு நாலா திருப்பி கொடுக்கணும்னு குதிக்கிறாரு. உள்ள ஒண்ணை புதைச்சு வச்சிருக்கிறவனுக்குத்தான் அடுத்தவன் தப்பு மேல அவ்வளவு கோபம் வரும். "நீயே அந்த மனுஷன்"னு ஒத்தை வார்த்தைல நாத்தான் முடிச்சுட்டாரு. எனக்கு நாத்தானா வந்தது வாட்ஸ்அப்.

ரவி சக்கரியாஸ்னா உங்க வாசகர்கள்ல கிறிஸ்தவங்களுக்கு தெரியும், மத்தவங்களுக்காக சொல்றேன். 1946-ல மெட்ராஸ்ல பிறந்து, டெல்லில வளந்து, கனடா போயி, அப்புறம் அமெரிக்காவுல அட்லாண்டா பக்கம் இருந்துக்கிட்டு உலகம் பூரா பேசினவரு. 1984-ல அவரு பேர்ல ஒரு ஊழிய நிறுவனம் ஆரம்பிச்சாரு. நாத்திகம் பேசுறவங்களுக்கு பதில் சொல்றதுல அவரை மிஞ்ச ஆள் இல்லன்னு நாங்க நினைச்சோம், பெரிய பெரிய யுனிவர்சிட்டில எல்லாம் போயி பேசுவாரு. எங்க சபை வாலிபர் குரூப்ல அவரு வீடியோவை வாரத்துக்கு ஒண்ணாவது அனுப்புறது நான்தான். 2020 மே மாசம் கேன்சர்ல இறந்தாரு. நினைவு ஆராதனைல அப்போ அமெரிக்க துணை ஜனாதிபதியா இருந்த மைக் பென்ஸ் பேசினாரு. நானும் இங்க உக்காந்து யூடியூப்ல பாத்து கண்ணைத் துடைச்சேன்.

செப்டம்பர்லயே செய்தி வர ஆரம்பிச்சிருச்சு. அவரு பங்குதாரரா இருந்த மசாஜ் சென்டர்கள்ல வேலை பாத்த பெண்கள் அவரு தப்பா நடந்துக்கிட்டாருன்னு சொல்றாங்கன்னு. நான் நம்பல, இறந்த மனுஷன் மேல சேறு அடிக்கிறாங்கன்னு குரூப்ல எழுதினேன். ஊழியத்துக்காரங்களே ஒரு வக்கீல் நிறுவனத்தை வச்சு விசாரிக்கச் சொன்னாங்க. 2021 பிப்ரவரில, லெந்து ஆரம்பிக்கிற சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்னால, அந்த ரிப்போர்ட்டை வெளியிட்டாங்க. 50-க்கும் மேல ஆட்களை விசாரிச்சிருக்காங்க, அவரு பயன்படுத்தின நாலு போன், டிவைஸை ஆராய்ஞ்சிருக்காங்க. அதுல 200-க்கும் மேல மசாஜ் பண்றவங்க நம்பர், 200-க்கும் மேல பெண்களோட போட்டோ. ஒரு பெண் சொன்னது பலாத்காரம்னே ரிப்போர்ட்ல இருக்கு. இறந்தவரு வந்து பதில் சொல்ல முடியாதேன்னு சிலர் இப்பவும் சொல்றாங்க, அது நியாயமான கேள்விதான், ஆனா விசாரிக்கச் சொன்னது அவரோட சொந்த ஊழியம், படிச்சிட்டு மன்னிப்பு கேட்டதும் அவங்களேதான்.

என்னை தூங்கவிடாம பண்ணினது மூணு விஷயம். ஒண்ணு, 2017-ல ஏற்கனவே கனடாவுல ஒரு பெண் விஷயம் வெளிய வந்தப்போ, என் மனைவி பிள்ளைகள் தவிர வேற எந்தப் பெண்ணோடயும் நான் தனியா இருக்கிறதே இல்ல, கார்ல கூட போறதில்லன்னு அறிக்கை விட்டவரு அவரு. அதாவது வேலி எல்லாம் பக்காவா போட்டு வச்சிருந்தாரு, பேச்சுல. ரெண்டாவது, அந்த ஊழியத்துல கஷ்டப்படுறவங்களுக்கு உதவுறதுக்குன்னு ஒரு நிதி இருந்திருக்கு, அதுல இருந்து அவருக்கு மசாஜ் பண்ணிக்கிட்டு இருந்த நாலு பெண்களுக்கு பணம் போயிருக்கு. தர்ம நிதி. அந்த வரிகிட்ட வந்ததும் போனை கவுத்து வச்சிட்டேன். மூணாவது, ஒரு பெண்கிட்ட, நீ வெளிய சொல்லி என் பேர் கெட்டுப்போனா லட்சக்கணக்கான ஆத்துமா நஷ்டமாகும், அதுக்கு நீதான் பொறுப்புன்னு சொல்லியிருக்காருன்னு ரிப்போர்ட் சொல்லுது.

எங்க குரூப்ல அன்னிக்கி என்ன எழுதினாங்க தெரியுமா? "எவ்வளவு பெரிய தேவ மனுஷன், விழுந்துட்டாரே", "சாத்தான் பெரியவங்களைத்தான் குறி வைப்பான்", "யாரும் நியாயந்தீர்க்க வேண்டாம்". ஒருத்தர் கூட அந்தப் பெண்களைப் பத்தி ஒரு வரி எழுதல. விழுந்துட்டாருன்னு சொல்லும்போது ஏதோ நடந்து போறவரு வாழைப்பழத் தோல்ல வழுக்கின மாதிரி ஆயிருது. யாரு மேல விழுந்தாருன்னு கேக்க வேண்டாமா? மறைவான பாவம்ங்கிற வார்த்தைலயே இந்தக் கோளாறு இருக்குன்னு நினைக்கிறேன், எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ள விஷயம்னு ஒரு நினைப்பு. அதுக்கு அடில எப்பவும் ஒரு ஆள் நசுங்கிக் கிடப்பாங்க. தாவீதுக்கு உரியா. எனக்கு உபதேசியார். ரவி சக்கரியாஸ் செஞ்சதையும் நான் செஞ்சதையும் ஒரே தட்டுல வைக்கல, அவரு செஞ்சது குற்றம், போலீசுக்கு போக வேண்டியது. ஆனா மறைக்கிற வேலை உள்ள எப்படி நடக்கும்னு எனக்கு தெரியும், அது ரெண்டு எடத்துலயும் ஒரே வேலைதான்.

அந்த லெந்துல ஒரு சாயங்காலம் எங்க பழைய ஐயர் வீட்டுக்கு போனேன். ரிட்டையர் ஆகி தனியா இருந்தாரு, வயசு எண்பதுக்கு மேல. ஈஸி சேர்ல உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தாரு. ஒரு மணி நேரம் மழை, வாழை விலை, கொரோனா ஊசின்னு பேசினேன். அவரு, "தம்பி, நீ ஊசியைப் பத்தி பேச பஸ் ஏறி வரல"ன்னாரு. சொல்லிட்டேன். 18,000-னு சொன்னேன், உபதேசியார் விஷயத்தையும் சொன்னேன். அவரு ஆண்டவர் மன்னிச்சிருவாருன்னு உடனே சொல்லிருவாருன்னு எதிர்பாத்தேன், சொல்லல. உள்ள போயி தண்ணி எடுத்துட்டு வந்து கொடுத்துட்டு ஒரு கதை சொன்னாரு.

நாலாம் நூற்றாண்டுல எவக்ரியுஸ்னு ஒருத்தர், கான்ஸ்டான்டினோப்பிள்ல பெரிய திருச்சபைப் பதவில இருந்தவரு, நல்ல பேச்சாளர். பெரிய அதிகாரி ஒருத்தரோட மனைவி மேல மனசு போயிருச்சு. பயந்து போயி ஊரை விட்டே கப்பல் ஏறி எருசலேமுக்கு வந்துட்டாரு. தப்பிச்சிட்டோம்னு நினைச்சாரு. அங்க வந்தும் பழையபடி நல்ல துணிமணி, பெருமைப் பேச்சுன்னு மனசு திரும்பிருச்சு, காய்ச்சல்ல படுத்தவரு ஆறு மாசம் எந்திரிக்கல, வைத்தியருக்கு ஒண்ணும் பிடிபடல. மெலானியான்னு ஒரு அம்மா, அங்க மடம் நடத்தினவங்க, பக்கத்துல வந்து உக்காந்து, மகனே உன் சீக்கு எனக்கு சரியா படல, மனசுல என்ன இருக்கு சொல்லுன்னு கேட்டாங்களாம். எல்லாத்தையும் சொன்னாரு. கொஞ்ச நாள்ல எந்திரிச்சு எகிப்து வனாந்தரத்துக்கு போயி துறவியா இருந்து 399-ல அங்கயே இறந்தாரு. மனுஷ மனசுல வர்ற கெட்ட நினைப்புகளை எட்டு வகையா பிரிச்சு எழுதி வச்சவரு அவருதான், அந்த லிஸ்ட்டுதான் பின்னால சபைல ஏழு பெரிய பாவம்னு மாறுச்சு.

கதையை சொல்லிட்டு ஐயர் கேட்டாரு, "அவரு கப்பல் ஏறினப்பவே ஆண்டவர்கிட்ட சொல்லியிருப்பாரா மாட்டாரா?" சொல்லியிருப்பாருன்னு நான் சொன்னேன், கனவுல சத்தியமே பண்ணினாராம். "பெறவு ஏன் காய்ச்சல் வந்துச்சு?" எனக்கு பதில் தெரியல. நானும் 11 வருஷமா ஆண்டவர்கிட்ட தினமும் சொன்னவன்தான். முழங்கால் போட்டு அழுதிருக்கேன். ஆனா ஆண்டவர்கிட்ட சொல்றது எனக்கு வசதியா இருந்துச்சு, அவரு கமிட்டில வந்து பேசமாட்டாரு. "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று"ன்னு சங்கீதம் 32-ல இருக்கு, அடக்கியும் வச்சிருக்கான், நித்தம் கதறவும் செய்றான், ரெண்டும் ஒண்ணா எப்படின்னு எனக்கு முன்னால புரியாம இருந்துச்சு.

நீதிமொழிகள் 28:13-ஐ வாசிக்கச் சொன்னாரு. "தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான், அவைகளை அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்." அப்புறம், "முதல்ல உபதேசியார் வீட்டுக்கு போ, பெறவு கமிட்டிக்கு போ, பெறவு வேணும்னா எங்கிட்ட ஜெபத்துக்கு வா"ன்னு அனுப்பிவிட்டாரு.

உபதேசியார் வீட்டுக்கு போனதை நான் இங்க எழுதப்போறதில்ல, அது அவரு விஷயமும் கூட. கமிட்டில சொன்னதை மட்டும் சொல்றேன். ஈஸ்டர் முடிஞ்சு கூட்டத்துல சொன்னேன். ரெண்டு பேரு எந்திரிச்சு வெளிய போனாங்க. ஒருத்தர், பணத்தைத்தான் திருப்பி போட்டாச்சே இதை எதுக்கு இப்ப கிளறுறீங்க, சபைக்குத்தானே கெட்ட பேருன்னாரு, அவரு நல்லதுக்குத்தான் சொன்னாரு, ஆனா அந்த வார்த்தையை நான் அட்லாண்டா ரிப்போர்ட்ல படிச்ச மாதிரி இருந்துச்சு. பொருளாளர் பொறுப்புல இருந்து எடுத்தாங்க, மூணு வருஷம் கமிட்டிக்கு நிக்கக்கூடாதுன்னாங்க. நியாயம். இப்ப காணிக்கையை வெஸ்ட்ரில, அதாவது கோயிலை ஒட்டின அறைல, ரெண்டு குடும்பத்து ஆட்கள் உக்காந்து எண்ணி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, அன்னிக்கே பெட்டில வச்சு பூட்டிடுறாங்க, யாரு வீட்டு பீரோவுக்கும் போறதில்ல. என்னால வந்த ஒரே நல்லது அதுதான்னு என் மனைவி கேலி பண்ணுவா.

இதுக்குத்தான் நான் காவல்னு சொல்லுவேன். "எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதினிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்"னு நீதிமொழிகள் 4:23. இருதயம்னா நம்ம நினைக்கிற மாதிரி காதல் கீதல் வர்ற எடம் மட்டும் இல்ல, எபிரெய மொழில அது யோசிச்சு முடிவெடுக்கிற எடமும்தான், கணக்கு நோட்டுல என்ன எழுதணும்னு முடிவு பண்ற எடமும் அதுதான். அப்புறம் காவல். எங்க அப்பா ஆத்துப் பாசன வாழைத் தோட்டத்துக்கு ராத்திரி காவலுக்கு போவாங்க, தனியா போனதே இல்ல. கிழக்கு ஓரத்துல ஒரு ஆளு மேற்கு ஓரத்துல ஒரு ஆளு, மணிக்கு ஒரு தடவை சத்தம் கொடுத்துக்குவாங்க. பதில் சத்தம் வரலன்னா ஒண்ணு அவன் தூங்கிட்டான், இல்ல அவனே தார் வெட்டுறான்னு அர்த்தம்னு அப்பா சொல்லுவாங்க. நம்ம பிரசங்கங்கள்ல வர்ற காவல் எல்லாம் ஒத்தை ஆள் காவல். கண்ணை மூடு, போனை மூடு, வாயை மூடு. யாரு சத்தம் கொடுப்பா, யாருக்கு கொடுப்பா?

அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரஹாம் 1956-ல நம்ம மெட்ராஸ், பாளையங்கோட்டைன்னு வந்து பேசினவரு. அதுக்கு எட்டு வருஷம் முன்னால, 1948-ல கலிபோர்னியாவுல மொடெஸ்டோங்கிற ஊர்ல அவரும் கூட இருந்த மூணு பேரும் உக்காந்து, ஊழியக்காரங்க எதுல எல்லாம் கெட்டுப்போறாங்கன்னு பேசி முடிவு பண்ணினாங்க. எல்லாரும் அதுல வேற பெண்ணோட தனியா இருக்கக்கூடாதுங்கிற விதியை மட்டும்தான் சொல்லுவாங்க. ஆனா அதுல பண விஷயம் உண்டு, உள்ளூர் சபைகளைக் குறை பேசக்கூடாதுன்னு உண்டு, கூட்டத்துக்கு வந்த ஆள் கணக்கைக் கூட்டிச் சொல்லக்கூடாதுன்னு கூட உண்டு. (நம்ம ஊர் கன்வென்ஷன் போஸ்டர் அடிக்கிறவங்க இந்த கடைசி பாயிண்டை மட்டுமாவது பிரேம் போட்டு மாட்டலாம்.) அவங்க அதை நாலு பேரு ஒண்ணா பேசி, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ரவி சக்கரியாஸ்கிட்டயும் அதே விதி இருந்துச்சு, ஆனா சாவி அவரு பாக்கெட்லயே இருந்துச்சு.

எனக்கு ஒரு ஆர்.சி. நண்பர் உண்டு, சேந்து வேலை பாத்தவரு. "உங்களுக்கு பாவசங்கீர்த்தனக் கூண்டு இல்ல, அதான் பத்து வருஷமா வயித்துல வச்சுக்கிட்டு இருந்திருக்கீரு"ன்னு கேலி பண்ணினாரு. அவங்க கத்தோலிக்க சபைல குருகிட்ட பாவத்தை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லியாகணும்னு 1215-லயே சட்டம். கூண்டு இருக்கிற சபைகள்லயும் என்னென்ன நடந்திருக்குன்னு உலகத்துக்கே தெரியும்னு நான் பதிலுக்கு சொன்னேன், அவரு ஒத்துக்கிட்டாரு. ஆனா நமக்கு வழியே இல்லன்னு சொல்றது தப்பு. யாக்கோபு 5:16-ல "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு"ன்னுதான் இருக்கு. 1662 இங்கிலாந்து திருச்சபை ஜெபப்புத்தகத்துல, நம்ம சி.எஸ்.ஐ.க்கு ஒரு பாட்டன் மாதிரி, திருவிருந்துக்கு முன்னால படிக்கிற புத்திமதில, மனசாட்சி அமைதியா இல்லாதவன் எங்கிட்டயோ வேற நிதானமுள்ள குருகிட்டயோ வந்து தன் துக்கத்தைத் திறந்து சொல்லட்டும்னு இருக்கு. 1738-ல மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி சின்ன சின்ன குழுவுக்கு எழுதின விதில, வாரா வாரம் ஒவ்வொருத்தர்கிட்டயும் நேரா கேக்க வேண்டிய முதல் கேள்வியே, போன கூட்டத்துக்கு அப்புறம் நீ தெரிஞ்சே செஞ்ச பாவம் என்னங்கிறதுதான். இப்ப நம்ம என்ன பண்றோம், ஞாயித்துக்கிழமை பொதுப் பாவ அறிக்கைன்னு முந்நூறு பேரு ஒரே ராகத்துல சொல்றோம். எனக்கு அது மனப்பாடம், 11 வருஷமும் குரல் கம்மாம சொன்னேன். கூட்டத்துக்குள்ள ஒளியறது மாதிரி வசதி வேற இல்ல.

அதனால போதகர்மாருக்கு என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. லெந்துல பிரசங்கத்தை ஒண்ணு குறைச்சுக்கோங்க. அந்த நேரத்துக்கு வெஸ்ட்ரில உக்காருங்க, இந்த நேரத்துல இருப்பேன், வரலாம், நான் பேசமாட்டேன் கேப்பேன்னு அறிவிப்பு கொடுங்க. பெண்கள் சொல்றதுக்கு ஒரு மூத்த பெண் இருக்கட்டும். கேட்டதை ஐயரம்மாகிட்ட கூட சொல்லாத ஐயரா இருக்கணும், அதுதான் கஷ்டம்னு எனக்கு தெரியும். ஆனா ஒரு விஷயத்துல ரகசியம் கிடையவே கிடையாது. பிள்ளைங்களுக்கு யாராவது கெடுதல் பண்ணினாங்கன்னு தெரிஞ்சா அதை ஜெபத்துல வச்சு மூட முடியாது, 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சவன் போலீஸ்ல சொல்லியாகணும், சொல்லாம இருந்தா அவனுக்கே ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். குடும்ப மானம், சபை மானம்னு இதை அமுக்குறவங்க ஒரு பாவத்தையும் மூடல, அடுத்த பிள்ளைக்கு கதவைத் திறந்து வைக்கிறாங்க.

ஜாதியை ஏன் எழுதலன்னு சிலர் கேக்கலாம். அது மறைவான பாவம் லிஸ்ட்ல வராது ஐயா. உங்க பத்திரிகைலயே அதே ஞாயித்துக்கிழமை பதினோராம் பக்கத்துல மணமகள் தேவை விளம்பரத்துல கிறிஸ்துவுக்குள் அன்பானன்னு ஆரம்பிச்சு அடுத்த வார்த்தைல உட்பிரிவோட போட்டிருந்தாங்க.

எங்க பழைய ஐயர் 2023-ல கர்த்தருக்குள்ள நித்திரை ஆயிட்டாரு. அது வரைக்கும் மாசம் ஒரு தடவை போன் பண்ணி, "தம்பி, கணக்கு எல்லாம் நேரா இருக்கா?"ன்னு கேப்பாரு. பணக் கணக்கு இல்லன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அவரு போனதுக்கு அப்புறம் கேக்க ஆள் இல்ல. என் மனைவிகிட்ட நான் இதை ஐயருக்கு அப்புறம்தான் சொன்னேன், அதுக்கு அவ ஒரு மாசம் எங்கூட சரியா பேசல. "பதினோரு வருஷம் பக்கத்துல ஒருத்தி இருந்தேன், பஸ் ஏறி போயி சொல்லியிருக்கீங்க"ன்னா. இப்ப அவதான் கேக்குறா. முதல் ஞாயிறு எங்களுக்கு திருவிருந்து, அதுக்கு முந்தின ராத்திரி மாவு கரைச்சு வச்சிட்டு கையைத் துடைச்சுக்கிட்டே வந்து, "என்ன, கணக்கு?"ம்பா. சில மாசம் ஒண்ணும் இருக்காது. சில மாசம் இருக்கும், 66 வயசுலயும் இருக்கும், கட்டுரை எழுதினவரு அதையும் குறிச்சுக்கலாம்.

இது வரைக்கும் எழுதி முடிச்சு நேத்து ராத்திரி அவகிட்ட வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு பீரோவைத் திறந்து, மக சர்டிபிகேட் எல்லாம் வச்சிருக்கிற ஃபைல்ல இருந்து ஒரு ரசீதை எடுத்துக்கிட்டு வந்தா. 2009 ஹாஸ்டல் ஃபீஸ். 18,400. மீதி நானூறு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா. மறந்துபோச்சு, ரவுண்டா சொல்லிப் பழகிட்டேன்னேன். அவ என்னைப் பாத்த பார்வை சரியில்ல. இன்னிக்கி காலைல கோயில் ஆபீஸ்க்கு போயி இப்ப இருக்கிற பொருளாளர்கிட்ட கேட்டு அந்த வருஷத்து அசன நோட்டை எடுத்துப் பாத்தேன். உப்பு, விறகு, வாழை இலை எல்லாம் தனித்தனியா எழுதி, கடைசில இதர செலவு 400-னு இருக்கு. என் கையெழுத்துதான்.

பணத்தைக் கட்டி ரசீது வாங்கிட்டேன். செயலாளர்கிட்டயும் சொல்லிட்டேன். மேல நான் 18,000-னு எழுதியிருக்கிற எடத்துல எல்லாம் 18,400-னு திருத்திப் போடுங்க. எடம் பத்தலன்னா வேற எதை வேணாலும் வெட்டுங்க, இதை வெட்டிராதீங்க.

இப்படிக்கு,
முன்னாள் பொருளாளர்,
திருநெல்வேலி மாவட்டம்.
(மகளுக்காக பேர் போட வேண்டாம். எங்க சபைக்காரங்களுக்கு படிச்சதும் ஆள் யாருன்னு தெரியும், அது போதும்.)